முதலில் கிரைண்டர், அப்புறம் மிஷின்

வீட்டில் இரண்டு பேர். ஒருவருக்குப் பால் காபி, ஒருவருக்குக் கறுப்புக் காபி. இதுவரை அரைத்த தூள் பாக்கெட்டிலேயே காலம் ஓடிவிட்டது. இனி ஒரு எஸ்பிரெஸோ மிஷின் (வெந்நீரை அழுத்தத்தோடு தூளுக்குள் செலுத்தித் திக்கான காபி எடுப்பது) வாங்கலாமா, எந்தக் கொட்டை வாங்குவது, வாங்கிய கொட்டையை ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மிஷின் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு சாமானைத்தான் முதலில் வாங்க வேண்டும்: காபி கிரைண்டர். இதற்கென்று ஒதுக்கிய பணத்தில் பெரிய பங்கு அதற்கே போகட்டும்.

காரணம் சொல்கிறேன். வறுத்த கொட்டைக்குள் எண்ணெய்ப் பசை, மணம் தரும் ஆவிப்பொருள்கள், கரியமில வாயு எல்லாம் அடைபட்டுக் கிடக்கின்றன. முழுக் கொட்டையாக இருக்கும்வரை அவை மெதுவாகத்தான் கசியும். அரைத்த மாத்திரத்தில் காற்றுபடும் பரப்பு பல மடங்கு கூடிவிடுகிறது. அரைக்கும்போது அடுக்களை முழுக்க மணக்கிறதே, அது கோப்பைக்குப் போயிருக்க வேண்டிய மணம். மாதக்கணக்கில் பாக்கெட்டில் இருந்த தூளில் கசப்பும் நிறமும்தான் மிஞ்சும். எந்த விலையுயர்ந்த மிஷினில் போட்டாலும் போன வாசனை திரும்பி வராது.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. பொடியின் பருமனை மாற்ற முடிந்தால்தான் காபியின் ருசியை உங்கள் இஷ்டத்துக்குத் திருப்ப முடியும். புளித்தால் இன்னும் நைசாக அரைக்கலாம். கசந்து நாக்கு வறண்டால் கொஞ்சம் கொரகொரப்பாக அரைக்கலாம். பாக்கெட் தூளில் அந்த வசதியே கிடையாது. எவரோ எந்தச் சாதனத்தையோ மனதில் வைத்து அரைத்தது அது.

கிரைண்டர் என்றதும் மிக்ஸி மாதிரி பிளேடு சுற்றும் சின்ன மிஷினை வாங்கிவிடாதீர்கள். அது அரைப்பதில்லை, வெட்டித் தள்ளுகிறது. பிளேடில் மாட்டியது மாவாகும், மாட்டாதது துண்டாகவே நிற்கும். சந்தேகம் இருந்தால் அதில் அரைத்த தூளை ஒரு வெள்ளைத் தாளில் மெல்லிசாகத் தூவி, விரலால் பரப்பிப் பாருங்கள். தாளில் ஒட்டிக்கொண்டு விரலில் கறையாகப் படியும் மாவும் இருக்கும், நகத்தில் நெருடும் அரைக் கொட்டைத் துண்டும் இருக்கும். வெந்நீர் பட்டதும் மாவு தன் கசப்பு முழுவதையும் இறக்கிவிடும். துண்டுக்குள் நீர் இறங்குவதற்குள் வேலை முடிந்துவிடும், புளிப்பு மட்டும் வரும். ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு தடவை இதுதான் சங்கதி.

வேண்டியது பர் கிரைண்டர். பல் வைத்த இரண்டு எஃகுத் துண்டுகள், நடுவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் நுழையும் அளவுக்குச் சின்னதான பிறகுதான் கொட்டை கீழே விழும். அதனால் பொடி ஏறக்குறைய ஒரே பருமனாக வரும். ஏறக்குறைய என்றுதான் சொல்ல முடியும், மாவே விழாத கிரைண்டர் உலகத்தில் இல்லை. கூம்பு வடிவம், தட்டை வடிவம் என்று இரண்டு ரகம் உண்டு. எது உசத்தி என்று வாக்குவாதம் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். முதல் கிரைண்டர் வாங்குபவருக்கு அந்த வாக்குவாதம் தேவையில்லை.

தேவையான கேள்வி, கையால் சுற்றுவதா, கரண்டில் ஓடுவதா என்பது. ஒரே விலைக்குக் கை கிரைண்டரின் பற்களும் அச்சும் நன்றாக இருக்கும், மோட்டாருக்குப் போகும் காசு அதில் பற்களுக்குப் போகிறது. ஒருவர், இருவர் குடிக்கும் வீட்டுக்கு அது போதும். வாங்கும்போது கைப்பிடி, நிறம், பெட்டி எதையும் பார்க்காதீர்கள். அச்சைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பற்களின் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும், பொடியும் மாறும். மலிவான கை கிரைண்டர்கள் தோற்பது இங்கேதான். எஃகுப் பல் நல்லது. பருமனை மாற்றும் வளையம் கிளிக் கிளிக் என்று படிப்படியாகத் திரும்பி, எண்ணி வைத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். இன்னொன்று: மிதமான வறுவல் கொட்டை சுலபமாகச் சுற்றும், இளம் வறுவல் கல் மாதிரி இருக்கும். தோள்வலி, மணிக்கட்டு வலி உள்ளவர்கள் பேசாமல் மோட்டார் வைத்ததையே வாங்கிவிடுவது நல்லது.

அரைக்கும்போது தூள் கிரைண்டர் சுவரில் ஒட்டிக்கொண்டு எரிச்சல் மூட்டும். நிலைமின்சாரம்தான் காரணம். எடை போட்ட கொட்டையில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கிப் போட்டு அரையுங்கள், முக்கால்வாசித் தொல்லை தீரும்.

கிரைண்டருக்கு அடுத்தது தராசு. 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். ஸ்பூன் கணக்கு ஏன் உதவாது என்றால், கொட்டையின் எடை வறுவலுக்கு வறுவல் மாறும். கருக வறுத்த கொட்டை உப்பிப்போய் எடை குறைந்திருக்கும். இளம் வறுவல் அடர்த்தியாக இருக்கும். அதே ஸ்பூன், ஆனால் ஒரு வாரம் தண்ணியாக இருக்கும், மறு வாரம் தார் மாதிரி இருக்கும். எடை போட்டால் இந்தக் குழப்பம் இல்லை. வடித்துக் குடிக்கும் காபிக்கு ஒரு கிராம் தூளுக்கு 16 கிராம் தண்ணீர் என்று ஆரம்பியுங்கள்: 15 கிராம் தூள், 240 கிராம் தண்ணீர். காபித் தொழிலில் பல காலமாகச் சொல்லப்படும் லிட்டருக்கு 55 கிராம் என்ற கணக்கைவிட இது ஒரு பிடி அழுத்தம். தண்ணீரையும் அதே தராசில்தான் எடை போட வேண்டும், கப்பால் அளக்கக் கூடாது.

இந்தக் கணக்குக்குப் பின்னால் கொஞ்சம் ரசாயனம் இருக்கிறது. வறுத்த காபியில் ஏறத்தாழ 30 சதவீதம் மட்டுமே தண்ணீரில் கரையக்கூடியது, மற்றது மரச்சத்து. கரையக்கூடிய அத்தனையையும் கரைத்து எடுத்தால் குடிக்க முடியாது. 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற பேராசிரியர் இதை ஆராய்ந்து ஒரு வரைபடமாகப் போட்டார். தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை கரைந்து கோப்பைக்கு வந்தால் பெரும்பாலோருக்குப் பிடிக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. அதற்குக் கீழே புளிப்பும் வெறுமையும், மேலே கசப்பும் துவர்ப்பும். பருமன், சூடு, நேரம் என்று நாம் மாற்றிக்கொண்டே இருப்பதெல்லாம் இந்த எல்லைக்குள் போய் நிற்பதற்காகத்தான்.

சரி, கொட்டைக்கு வருவோம். பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் முதலில் தேட வேண்டியது வறுத்த தேதி. எத்தனை மாதத்துக்குள் உபயோகிக்கலாம் என்ற தேதி அல்ல. அது ஒன்றரை வருஷம்கூடத் தள்ளிப் போட்டிருப்பார்கள், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. வறுத்த தேதியைப் போடத் தயங்கும் ஆளிடம் நான் கொட்டை வாங்குவதில்லை. அதற்காக இன்று வறுத்ததை இன்றே குடிக்க வேண்டும் என்றும் இல்லை. முதல் சில நாட்களில் கரியமில வாயு பொங்கிக்கொண்டே இருக்கும், தண்ணீரைத் தூளில் ஒழுங்காக இறங்க விடாது. கறுத்த வறுவல் என்றால் நாலைந்து நாள், இளம் வறுவல் என்றால் ஒன்றிரண்டு வாரம் ஆறப்போடுங்கள். பிறகு மூடிய பாக்கெட்டில் ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரை நன்றாகவே இருக்கும். பாக்கெட்டின் மேல் பொத்தான் மாதிரி ஒரு துளை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முகர்ந்து பார்க்க வைத்ததல்ல அது, உள்ளே சேரும் வாயு வெளியேறி வெளிக்காற்று உள்ளே வராமல் தடுக்கும் வால்வு.

வறுவலின் அளவு ருசியை மாற்றும் அளவுக்கு ஊர்ப்பெயர்கூட மாற்றுவதில்லை. கொட்டை 200 டிகிரியை நெருங்கும்போது பட்பட்டென்று ஒருமுறை வெடிக்கும். அதைத் தாண்டியவுடன் நிறுத்தினால் இளம் வறுவல். பழப்புளிப்பு, பூ மணம் எல்லாம் அதில்தான் நிற்கும். இன்னும் கொஞ்சம் விட்டால் மிதமான வறுவல். புளிப்பு அடங்கி, சர்க்கரை கருகத் தொடங்கும் இனிப்பு மணம் ஏறும். இரண்டாவது வெடிப்பையும் தாண்டினால் எண்ணெய் வெளியே வந்து கொட்டை பளபளக்கும், எந்த நாட்டுக் கொட்டையாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே புகைக்கசப்புதான் வரும். பளபளப்பைப் பார்த்து உயர்ந்த சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. வெளியே வந்த எண்ணெய் காற்றுபட்டுச் சீக்கிரம் காறிப்போகும், கிரைண்டரிலும் பிசினாகப் படியும். கறுத்த வறுவலில் கஃபீன் அதிகம் என்பதும் வெறும் நம்பிக்கைதான். எடைக்கு எடை வறுவலால் பெரிய வித்தியாசம் வருவதில்லை.

கஃபீன் மாறுவது இனத்தால். அராபிகாவில் சுமார் 1.2 சதவீதம், ரோபஸ்டாவில் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. அராபிகா உயரமான மலைகளில், குளிர்ந்த இடங்களில் மெதுவாக விளையும். இனிப்பும் கொழுப்பும் கூடுதல். ரோபஸ்டா தாழ்ந்த இடத்திலும் வரும், பூச்சியைத் தாங்கும், கசப்பும் கனமும் கூடுதல். ரோபஸ்டாவை மட்டமான சரக்கு என்று ஒரேயடியாக ஒதுக்குகிறவர்கள் உங்கள் பால் காபிக்காரரைக் கேட்கட்டும். பாலை எதிர்த்து நிற்கும் கனம் அதில்தான் இருக்கிறது. எஸ்பிரெஸோவின் மேல் நிற்கும் நுரைக்கும் அது உதவும். நன்றாகப் பறித்து, நன்றாக உலர்த்திய ரோபஸ்டா கால் பங்கு கலந்த கலவை பாலோடு அருமையாகப் பொருந்தும். கெட்ட பெயர் வந்தது இனத்தால் என்பதைவிட, அதைக் கவனமின்றிப் பறித்துக் கவனமின்றி உலர்த்தியதால் என்றுதான் நினைக்கிறேன்.

பாக்கெட்டில் வாஷ்டு, நேச்சுரல், ஹனி என்று எழுதியிருப்பது பழத்திலிருந்து கொட்டையைப் பிரித்த விதம். வாஷ்டு என்றால் சதையை நீக்கி, வழவழப்பை நொதிக்க வைத்துக் கழுவி உலர்த்தியது. ருசி தெளிவாக, பளிச்சென்று இருக்கும். நேச்சுரல் என்றால் பழத்தோடு அப்படியே வெயிலில் உலர்த்தியது. பழவாசனை தூக்கலாக இருக்கும், சில சமயம் கள்ளின் வாடை அடிக்கும் அளவுக்கு. ஹனியில் தேன் எதுவும் இல்லை. தோலை உரித்து வழவழப்போடு காயவைத்தது, மற்ற இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ருசிக் குறிப்பில் மல்லிகை, எலுமிச்சை, சாக்லேட் என்று போட்டிருப்பதும் சேர்த்த பொருள் அல்ல. வறுத்தவர் தன் நாக்கில் தெரிந்ததைச் சொல்கிறார். உங்கள் நாக்கில் அது தெரியாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

நாடுகளைப் பொறுத்தவரை, எத்தியோப்பியாவின் யிர்காசெஃபே பகுதி வாஷ்டு கொட்டையில் மல்லிகையும் எலுமிச்சையும் மணக்கும், தேநீர் போல லேசாக இருக்கும். கென்யா கொட்டையில் கூர்மையான பழப்புளிப்பு. பிரேசில் கொட்டையில் புளிப்பு குறைவு, வறுத்த பருப்பும் சாக்லேட்டும் நினைவுக்கு வரும். கொலம்பியா இரண்டுக்கும் நடுவில். சுமத்ராவில் ஈரம் காய்வதற்கு முன்பே உள்தோலை நீக்கிவிடுவார்கள். மண்வாசனையும் கனமும் அதனால் வருகின்றன. இந்தியாவின் மான்சூன்டு மலபார் கொட்டையை மழைக்காலக் காற்றில் வாரக்கணக்கில் ஊற விடுகிறார்கள். கொட்டை உப்பி வெளிறிப்போகும், புளிப்பு அடங்கிவிடும். புளித்த காபியே ஆகாது என்பவர்களுக்கு அது ஒரு நல்ல வழி.

உங்கள் வீட்டுக் கணக்குப்படி ஆரம்பத்தில் இரண்டு பாக்கெட் வாங்குங்கள். பால் காபிக்கு மிதமான வறுவலைவிடக் கொஞ்சம் கறுத்தது. பிரேசில் அல்லது இந்தியக் கொட்டையோடு ரோபஸ்டா கலந்தது. கறுப்புக் காபிக்கு மிதமான வறுவல், வாஷ்டு, ஒற்றைத் தோட்டக் கொட்டை. இளம் வறுவல் எத்தியோப்பியாவை எடுத்தவுடனே வாங்க வேண்டாம். இதுவரை பாக்கெட் தூளில் பழகிய நாக்குக்கு அது கெட்டுப்போன காபி மாதிரித்தான் படும். ஒரு மாதம் கழித்து வாங்கிப் பாருங்கள், அப்போது பிடிக்கலாம். பனாமாவின் கெய்ஷா இனம் 2004ல் அங்கு நடந்த போட்டியில் எல்லோரையும் அசத்தி, அதிலிருந்து ஏலத்தில் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அருமையான கொட்டைதான், ஆனால் தராசும் கிரைண்டரும் கைக்குப் பழகாத நிலையில் அதை வாங்குவது வீண்.

அடுத்து காபி போடும் சாதனம். இதற்குத்தான் எல்லோரும் அதிகம் செலவழிக்கிறார்கள், இதில்தான் குறைவாகச் செலவழிக்கலாம். கறுப்புக் காபிக்கு நான் சொல்வது காகித வடிகட்டி வைக்கும் கூம்பு. 1908ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ஸ் என்ற பெண்மணி, அடியில் தங்கும் கசண்டு பிடிக்காமல், மகனின் பள்ளி நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளை எடுத்து, துளை போட்ட பித்தளைப் பாத்திரத்தில் வைத்து வடித்தார். இன்று விற்கும் கூம்புகள் எல்லாம் அதன் வாரிசுகள். பிளாஸ்டிக்கில் செய்ததை வாங்கினால் போதும். மலிவு மட்டுமல்ல, பீங்கானைப் போலத் தண்ணீரின் சூட்டையும் உறிஞ்சாது. காகிதம் இன்னொரு வேலையும் செய்கிறது: காபி எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் என்ற பொருள் ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றும், காகிதம் அதைப் பெருமளவு பிடித்து வைத்துக்கொள்ளும். கொலஸ்டிரால் தொல்லை இருப்பவர்கள் இதைக் கவனத்தில் வைப்பது நல்லது.

போடுகிற விதத்தை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். காகிதத்தைக் கூம்பில் வைத்து வெந்நீரால் அலசி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். காகித வாடை போகும், கூம்பும் சூடேறும். மிதமான பருமனில் அரைத்த 15 கிராம் தூளைப் போட்டுத் தட்டி மட்டமாக்குங்கள். தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கொதித்து அடங்கிய தண்ணீர், 92 முதல் 96 டிகிரி இருக்கலாம், அதில் 40 கிராம் மட்டும் எல்லாத் தூளும் நனையும்படி ஊற்றுங்கள். புதிய கொட்டையாக இருந்தால் தூள் குமிழ்விட்டு மேலே எழும்பும், வாயு வெளியேறுகிறது. எழும்பவே இல்லையென்றால் கொட்டை பழசு, பாக்கெட்டில் என்ன தேதி போட்டிருந்தாலும் சரி. 40 வினாடி காத்திருந்து, மெல்லிய தாரையாக வட்டமாக ஊற்றி 150 வரை போங்கள். பாதிக்கு மேல் வடிந்ததும் மீதியை ஊற்றி 240ல் நிறுத்துங்கள். கூம்பைப் பிடித்து லேசாக ஒரு சுழற்று. மூன்று நிமிடத்தை ஒட்டி வடிந்து முடிய வேண்டும். கொக்குக் கழுத்து மாதிரி வளைந்த மூக்குள்ள கெட்டில் இருந்தால் தாரை கட்டுப்படும். ஆனால் அது இல்லாமலும் சமாளிக்கலாம், அந்தக் காசுக்கு முதலில் தராசு வாங்குங்கள்.

இப்போது ருசி பாருங்கள், ஆனால் சூடு கொஞ்சம் ஆறட்டும். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று புளித்து, விழுங்கியதும் ஒன்றுமில்லாமல் போனால் காபி சரியாக இறங்கவில்லை. இரண்டு கிளிக் நைசாக அரையுங்கள். கசப்போடு அண்ணம் வறண்டு இழுத்தால் மிதமிஞ்சி இறங்கிவிட்டது. இரண்டு கிளிக் எதிர்ப்பக்கம். ருசி நன்றாக இருந்து வெறுமனே தண்ணியாகத் தோன்றினால் பருமனைத் தொடாதீர்கள், தூளின் அளவைக் கூட்டுங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நீர்த்துப்போன காபியைச் சரிசெய்ய மாவாக அரைத்துக் கசக்க வைக்கிறவர்கள் ஏராளம். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கூம்பு பொறுமையைக் கேட்கும் சாதனம். பொறுமை இல்லையென்றால் பிரெஞ்சு பிரஸ், அதாவது சல்லடை வைத்த அமுக்கி உள்ள குவளை: கொரகொரப்பாக அரைத்து, வெந்நீர் ஊற்றி, நாலு நிமிடம் விட்டு, மேலே மிதப்பதைக் கிளறி நுரையை எடுத்துவிட்டு, இன்னும் ஐந்து நிமிடம் தெளிய விடுங்கள். அமுக்கியை அடிவரை அழுத்தாமல் மேலாக நிறுத்தி ஊற்றினால் கசண்டு கிளம்பாது. ஊசிக்குழல் மாதிரி அழுத்திக் காபி இறக்கும் ஏரோபிரஸ் 2005ல் வந்தது. பறக்கும் வளைய விளையாட்டுச் சாமான் செய்த ஆலன் ஆட்லர் என்ற பொறியாளரின் கண்டுபிடிப்பு. ஒருவருக்கு ஒரு கோப்பை, பயணத்துக்கு வசதி, கழுவுவது சுலபம். தப்பாகப் போட்டாலும் குடிக்கும்படியான காபி தரும். இரண்டு பேருக்கு இரண்டு தடவை போட வேண்டும் என்பதுதான் சங்கடம்.

பால் காபிக்காரருக்கு மோகா பாத்திரம். இத்தாலியில் அல்ஃபோன்ஸோ பியாலெட்டியின் பட்டறையிலிருந்து 1933ல் வந்த அந்த எட்டுப்பட்டை அலுமினியப் பாத்திரம்தான்: கீழே தண்ணீர், நடுக் கூடையில் தூள், மேலே காபி. எஸ்பிரெஸோ அல்ல, அதற்கு 9 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) அழுத்தம் வேண்டும், இதில் ஒன்று, ஒன்றரை பார்தான் வரும். ஆனால் டிகாக்ஷன் பாலுக்குத் தாங்கும் அளவுக்குத் திக்காக இருக்கும். மூன்று கப் என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள், அது சின்ன எஸ்பிரெஸோ கப் கணக்கு. பால் காபியில் ஒன்றிரண்டுக்குத்தான் வரும். பாதி அளவுக்குப் போட்டால் சரியாக வராது என்பதால் தேவைக்கேற்ற அளவை முதலிலேயே வாங்க வேண்டும்.

கீழ்ப்பாத்திரத்தில் சூடான தண்ணீரை வால்வுக்குக் கீழே வரை ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் வைத்தால் அது சூடேறும்வரை தூளும் அடுப்பில் வெந்து கருகிய வாடை பிடிக்கும். கூடையில் தூளைத் தலை தட்டி நிரப்புங்கள், அமுக்காதீர்கள். துணியால் பிடித்து இறுக மூடி, சிறு தீயில் வைத்து, மேல்மூடியைத் திறந்தே விடுங்கள். நடுக்குழாயிலிருந்து முதலில் கருந்தேன் நிறத்தில் மெதுவாக வழியும். பிறகு நிறம் வெளுக்கும், அப்புறம் புஸ்புஸ்ஸென்று நுரைத்துச் சீறத் தொடங்கும். அந்தச் சீறல் கேட்ட உடனே இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். சீறிக்கொண்டு வருவது நீராவியும் கசப்பும்தான். மோகா காபி கசக்கும் என்று புகார் சொல்பவர்கள் பெரும்பாலும் கடைசிச் சொட்டுவரை வரட்டும் என்று காத்திருப்பவர்கள். பாலை 60, 65 டிகிரிக்குச் சுட வைத்தால் இயல்பான இனிப்பு தெரியும். 70ஐத் தாண்டினால் காய்ச்சிய பால் வாடை காபியை அமுக்கிவிடும்.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வடித்த காபியில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். காபியின் ருசியை இழுத்துக்கொண்டு வர, தண்ணீரில் கொஞ்சம் கால்சியமும் மக்னீசியமும் வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் அவற்றை ஏறக்குறைய முழுதாக எடுத்துவிட்டால் காபி தட்டையாக, வெறும் புளிப்பாக இருக்கும். மாறாக ஆழ்குழாய்த் தண்ணீரைப் போலக் கடினமாக இருந்தால் அதிலுள்ள பைகார்பனேட் பழப்புளிப்பையெல்லாம் விழுங்கிவிடும். எந்தக் கொட்டை போட்டாலும் ஒரே ருசி. லிட்டருக்கு 150 மில்லிகிராம் கரைபொருள், சுமார் 75 முதல் 250 வரை பரவாயில்லை என்பது காபித் தொழிலில் நடப்பிலுள்ள அளவு. ஆர்.ஓ. நீரோடு சாதாரணமாக வடிகட்டிய குடிநீரைக் கலந்து பாருங்கள். அல்லது ஒரு தடவை மட்டும் தாதுக்கள் அளவாக உள்ள பாட்டில் தண்ணீரில் அதே கொட்டையைப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தால் உங்கள் குறை தண்ணீரில்தான் இருக்கிறது, கிரைண்டரை மாற்ற வேண்டியதில்லை.

இனி எஸ்பிரெஸோ மிஷின். 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காபி, 25 முதல் 30 வினாடியில், 9 பார் அழுத்தத்தில் வர வேண்டும். பெட்டியில் 15 பார், 20 பார் என்று பெரிதாகப் போட்டிருப்பது பம்ப்பால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்பது மட்டுமே. அதிகம் இருந்தால் நல்லது என்று ஆகாது. மலிவான மிஷின்களோடு வரும், தூள் போடும் இரட்டை அடிக் கூடை, பழைய தூளிலும் பொய்யாக ஒரு நுரையைக் கிளப்பிக் காட்டும். அதை வைத்து மதிப்பிடாதீர்கள். உண்மையான எஸ்பிரெஸோவுக்குக் கிரைண்டர் தலைமுடி அளவு வித்தியாசத்தையும் மாற்றிக்கொடுக்க வேண்டும். வடிகட்டிக் காபிக்கு நன்றாக உழைக்கும் பல கிரைண்டர்கள் இங்கே திணறும். அதனால் மிஷினும் நல்ல கிரைண்டரும் சேர்ந்து வாங்க முடியாது என்றால், மிஷினைத் தள்ளிப் போடுங்கள். பின்னால் வாங்குவதாக இருந்தால் அந்த வேலைக்கும் தகுந்த கிரைண்டரை இப்போதே வாங்கலாம். வாங்கிய பிறகு தினமும் சுத்தம் செய்ய நேரம் இருக்கிறதா என்றும் யோசியுங்கள். தலைப்பகுதியில் பழைய எண்ணெய் படிந்தால் எவ்வளவு நல்ல கொட்டையும் காறல் அடிக்கும், கடினமான தண்ணீர் உள்ளே சுண்ணாம்பாகப் படியும். மிஷின் வாங்கி ஆறு மாதத்தில் அலமாரிக்கு ஏற்றியவர்களை எனக்குத் தெரியும். கூம்பு வாங்கியவர்கள் யாரும் அதை அப்படி மூலையில் போட்டு நான் பார்த்ததில்லை.

கடைசிக் கேள்வி: ஃபிரிட்ஜில் வைக்கலாமா? கூடாது. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் குளிர்ந்த கொட்டையில் ஈரம் படியும், பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றின் வாடையும் ஏறும். வெயில் படாத அலமாரியில், காற்றுப் புகாத டப்பாவில், அல்லது வாங்கிய வால்வுப் பாக்கெட்டிலேயே காற்றை நன்றாகப் பிதுக்கி மடித்து வைத்தால் போதும். ஃபிரீசர் மட்டும் விதிவிலக்கு. ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டும் என்றால், ஒரு தடவைக்கு வேண்டிய 15 கிராம், 18 கிராம் என்று சின்னச் சின்னப் பைகளில் பிரித்து, காற்றில்லாமல் மூடி உறைய வையுங்கள். எடுத்ததைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். உறைந்த கொட்டையை இளக விடாமல் அப்படியே கிரைண்டரில் போடலாம். 2016ல் வெளிவந்த ஓர் ஆய்வில், குளிர்ந்த கொட்டை இன்னும் சீராகவும் கொஞ்சம் நைசாகவும் அரைபடுவது தெரியவந்தது. ஆகவே அன்றைக்கு மட்டும் கிரைண்டரை ஒரு கிளிக் கொரகொரப்புப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.